யாருக்காக எழுதுகிறீர்கள்?

 

சென்ற மாதம் சங்கரன்கோவிலுக்குச் சென்றிருந்தேன். விசைத்தறி வைத்துத் தொழில் செய்யும் நண்பர் ஒருவரின் இல்லத்தில், மாலைத் தேநீர் அருந்திக் கொண்டிருந்த வேளையில், ஓர் இளைஞர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கட்டு இதழ்கள் இருந்தன. தாமும் மூன்று நண்பர்களும் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக நடத்தி வரும் மாத இதழ் என்று கூறி, ஒரு பிரதியை என்னிடம் நீட்டினார்.

“மாதந்தோறும் முந்நூறு பிரதி அச்சிடுகிறோம், மாமா. பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. சந்தா கட்டியவர்களும் புதுப்பிப்பதில்லை. சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் நடத்துகிறோம். இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம் என்று பேசிக் கொண்டிருக்கிறோம். வாசகர்களைப் பெருக்குவதற்கு நீங்கள்தான் ஒரு வழி சொல்ல வேண்டும்” என்றார்.

குரலில் சோர்வு இருந்தது. ஓர் இதழைத் தொடங்குவதற்கு எவ்வளவு கனவு வேண்டும் என்பதையும், அதை நிறுத்துவதற்கு எவ்வளவு மனவேதனைப்பட வேண்டும் என்பதையும் எழுத்துத் துறையில் இருப்போர் அறிவர்.

“இது யாருக்காக நடத்தப்படும் இதழ், தம்பி?” என்று வினவினேன்.

“எல்லாருக்கும்தான், மாமா.”

அட்டையிலும் அவ்வாறே அச்சிட்டிருந்தார்கள். இல்லந்தோறும் இருக்க வேண்டிய இதழாம்! “நல்லது. உங்கள் இல்லத்தில் இதை யார் படிக்கிறார்கள்?” என்று கேட்டேன். இளைஞர் சற்றுத் தயங்கினார்.

“வாப்பாவுக்குப் பார்வை மங்கல். எழுத்து பொடியாக இருக்கிறது என்பார்கள். உம்மா பிரித்துப் பார்த்துவிட்டு, இது படித்தவர்களுக்கு உள்ளது என்று அலமாரியில் வைத்துவிடுவார்கள். தங்கச்சிதான்...” என்று இழுத்தார்.

“தங்கச்சி என்ன சொல்கிறது?”

“நீங்கள் நான்கு பேரும் ஒருவருக்கொருவர் எழுதிக் கொள்கிறீர்கள் என்று சிரிக்கிறாள்.”

நான் இதழைப் புரட்டினேன். தலையங்கத்தில் கடுஞ்சொற்கள் நிறைந்திருந்தன. அடுத்து, ஆறு பக்கத்துக்கு நீண்ட ஓர் ஆய்வுக் கட்டுரை. நண்பர் நால்வரும் ஆளுக்கொரு கவிதை எழுதியிருந்தனர். வாசகர் கடிதப் பகுதியிலோ, ஒருவர் கவிதையை மற்றவர் பாராட்டியிருந்தார்! வீட்டிலிருந்து தார் சுற்றும் அந்தத் தங்கையை விடச் சிறந்த விமரிசகர் அவ்விதழுக்குக் கிடைக்கமாட்டார் என்று எண்ணிக் கொண்டேன்.

அதுவரை பேசாதிருந்த தறிக்கார நண்பர் அப்போது வாய் திறந்தார். “பாவு ஏற்றுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா இது? சேலையா, துண்டா, யார் வாங்குவார்கள் என்று தெரியாமல் நான் ஓர் இழை கூட ஓட்டமாட்டேன்” என்றார்.

வாசகர்களே! அவர் கூறியதில் முழு உண்மை இருக்கிறது. எல்லாருக்கும் என்று எழுதப்படுவது, பெரும்பாலும் எவருக்கும் எழுதப்படாததாகவே முடிகிறது. வாசகர் எண்ணிக்கையைப் பெருக்க விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது, அந்த வாசகர் யார் என்று வரையறுத்துக் கொள்வதே. இதனை நமக்குக் கற்றுத் தர மேலைநாட்டு வணிக நூல்கள் தேவையில்லை. நம் முன்னோர் செய்து காட்டியிருக்கின்றனர்.

கீழக்கரையில் ஒரு விடை

19ஆம் நூற்றாண்டில் நம் சமுதாயப் பெண்மணிகளின் நிலையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அவர்கள் பேசியது தமிழ். கனவு கண்டதும் தமிழில்தான். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர்க்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதே வேளையில், சிறு வயதிலேயே குர்ஆன் ஓதக் கற்றமையால் அரபு எழுத்துக்களைக் கூட்டி வாசிக்க அறிந்திருந்தனர். ஆனால் அரபு மொழியின் பொருள் விளங்காது. தெரிந்த மொழிக்கு எழுத்து இல்லை. தெரிந்த எழுத்துக்கு மொழி இல்லை!

இத்தகைய வாசகருக்கு எதை, எப்படி எழுதிக் கொடுப்பது? தமிழ் எழுத்தில் எழுதினால் வாசிக்க இயலாது. அரபு மொழியில் எழுதினால் விளங்காது. இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட விடைதான் அரபுத் தமிழ். மொழி தமிழ்; எழுத்து அரபு. அரபு நெடுங்கணக்கில் உள்ள 28 எழுத்துக்கள் தமிழ் ஒலிகளுக்குப் போதவில்லை. ‘ட’, ‘ண’, ‘ள’, ‘ழ’, ‘ப’ போன்ற ஒலிகளுக்கு அதில் எழுத்து இல்லை. எனவே, இருக்கின்ற எழுத்துக்களுக்குப் புள்ளியும் குறியும் கூட்டிப் புதிய எழுத்துக்களை உருவாக்கினர். அதன் பின்னர், ஓதத் தெரிந்த பெண் எவரும் தம் தாய்மொழியில் ஒரு நூலை வாசிக்கலாம் என்ற நிலை பிறந்தது.

இந்த எழுத்தைப் பெரும் அளவில் பயன்படுத்தியவர்களுள் கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) முதன்மையானவர். செய்யிது முஹம்மது ஆலிம் என்பது அன்னாரின் இயற்பெயர். அரபு மொழியில் ஆழ்ந்த புலமை உடைய அவர், அறிஞர்கள் மட்டும் போற்றும் நூல்களை எழுதிவிட்டு அமைதி கண்டிருக்கலாம். ஆயினும், மார்க்கச் சட்டங்களை விளக்கும் ‘பத்ஹுத் தய்யான்’ முதலிய நூல்களை அரபுத் தமிழில் எழுதினார். தமிழகத்திலும் இலங்கையிலும் அவை இல்லங்களுக்குள் சென்றன. அடுப்படியிலிருந்து எழுந்து வந்த பெண்மணி, விளக்கடியில் அமர்ந்து வாசிக்கும் நூல்களாயின.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அவர் பொருளை மலிவாக்கவில்லை. பெண்களுக்கு இது போதும் என்று எண்ணிக் கதையும் களிப்பும் மட்டும் தரவில்லை. கடினமான சட்டப் பொருளையே தந்தார். வாசகருக்கும் பொருளுக்கும் இடையே நின்ற தடையை மட்டும் அகற்றினார். வாசகரை அறிந்து எழுதுவது என்றால் தரத்தைத் தாழ்த்துவது என்று பொருளன்று. வாசகர் எந்த வாயில் வழியாக உள்ளே வர இயலுமோ அந்த வாயிலைத் திறந்து வைப்பது என்றே பொருள்.

கண்டியிலும் மதுரையிலும்

கடல் கடந்து இலங்கைக்கு வாருங்கள். கண்டியில் வாழ்ந்த வழக்கறிஞர் மு. கா. சித்தி லெப்பை (1838–1898), 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற இதழைத் தொடங்கினார். அவருடைய பெரும் நோக்கம், முஸ்லிம்களிடையே நவீனக் கல்வியைப் பரப்புவது. ஆனால் அவர் யாரிடம் பேச விரும்பினாரோ, அவர்களுள் பலர் ஆங்கிலக் கல்வியை ஐயத்துடன் நோக்கியவர்கள். கல்வி, கல்வி என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதினால் அவர்கள் வாங்கிப் படிப்பார்களா?

அவர்களுடைய உள்ளம் எங்கே இருந்தது என்பதைச் சித்தி லெப்பை அறிந்திருந்தார். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்டுத் தோற்ற அறபி பாஷா, நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். அவரைப் பற்றி அறிய இலங்கை முஸ்லிம்கள் பேராவல் கொண்டிருந்தனர். ‘முஸ்லிம் நேசன்’ அச்செய்திகளைத் தாங்கி வந்தது. வாசகர் அறிய விரும்பியதும், வாசகர் அறிய வேண்டும் என்று ஆசிரியர் விரும்பியதும் ஒரே இதழில் இடம்பெற்றன. முன்னது கதவைத் திறந்தது. பின்னது உள்ளே சென்று அமர்ந்தது. 1892இல் கொழும்பில் பிற்கால ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்ட மதரஸா தொடங்கப் பெற்றபோது, அம்முயற்சியில் சித்தி லெப்பையும் இருந்தார். அறபி பாஷாவின் ஆதரவும் இருந்தது.

இனி நம் தென்பாண்டிச் சீமைக்கே திரும்புவோம். திருச்செந்தூரை அடுத்த காயாமொழியில் பிறந்தவர் சி. பா. ஆதித்தனார் (1905–1981). இலண்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞரானவர். அவர் விரும்பியிருந்தால் கற்றோர் மெச்சும் நடையில் ஒரு நாளேடு நடத்தியிருக்கலாம். ஆனால் 1942இல் மதுரையில் அவர் தொடங்கிய ‘தந்தி’ (பின்னாளில் ‘தினத்தந்தி’), அதுவரை நாளேடு படித்தறியாத மக்களை நோக்கிப் பேசியது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் விளங்க வேண்டும் என்பதே அதன் அளவுகோல். எனவே சிறு சிறு வாக்கியங்கள், பெரிய எழுத்தில் தலைப்புகள், மக்கள் பேசும் சொற்கள், நிறையப் படங்கள். தேநீர்க் கடையில் ஒருவர் உரக்க வாசிக்க, நான்கு பேர் செவிமடுக்கும் காட்சி தமிழகமெங்கும் தோன்றியது. அக்கடைக்கு விற்றது ஒரு பிரதிதான், வாசகரோ பலர்!

கணிப்புத் தவறினால்?

“நாங்கள் ஒரு வாசகரை மனத்தில் வைத்து எழுதி, அந்தக் கணிப்பே தவறாகிவிட்டால்?” என்று இளைஞர் கேட்டார். நியாயமான அச்சம்தான்.

ஆதித்தனார் பயின்ற அதே இலண்டன் மாநகரில் 1903 நவம்பரில் ‘டெய்லி மிரர்’ என்ற நாளேடு தொடங்கப்பட்டது. உயர்குடிப் பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் நாளேடு என்று அதன் அதிபர் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வர்த் அதை வெளியிட்டார். முதல் நாள் இரண்டரை இலட்சத்துக்கு மேல் விற்றது. மூன்று மாதம் முடிவதற்குள் விற்பனை 25,000 அளவுக்கு வீழ்ந்தது. ‘பெண்கள்’ என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் வாசகரை அறிந்துவிட்டதாக ஆகாது. அந்தப் பெண்மணி உண்மையில் எதை நாடுகிறார் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஹார்ம்ஸ்வர்த் அந்நாளேட்டை மூடிவிடவில்லை. 1904 ஜனவரியில் அதைப் படங்கள் நிறைந்த ஏடாக மாற்றினார். ஆண்களும் பெண்களும் வாங்கினர். விற்பனை பல மடங்கு ஏறியது. தவறான கணிப்பைத் திருத்திக் கொள்ளலாம். கணிப்பே இல்லாதவரோ, எங்கே தவறினோம் என்பதையே அறிய இயலாது.

இன்னொன்றும் உண்டு. கணிப்பு சரியாகவே இருந்தாலும், வாசகர் அதே இடத்தில் நின்று கொண்டிருக்கமாட்டார். அரபுத் தமிழையே பாருங்கள். நம் பெண்மக்கள் பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்கியதும், அரபுத் தமிழின் தேவை மெல்ல மெல்லக் குறைந்தது. பாட்டியார் ஆவலுடன் வாசித்த நூல் பேத்திக்கு விளங்காத பொருளாயிற்று. பழைய இல்லங்களின் மரப்பெட்டிகளில், வாசிப்பார் இன்றி அத்தகைய ஏடுகள் உறங்குகின்றன. பிற சமயத்துத் தமிழ் அன்பர்களுக்கோ அந்த இலக்கியம் தொடக்கத்திலிருந்தே மூடிய பெட்டியாகத்தான் இருந்தது. ஒருவருக்கென்று திறக்கும் வாயில் இன்னொருவருக்கு மூடிவிடுவதும் உண்டு. இந்த விலையையும் அறிந்துதான் நாம் முடிவெடுக்க வேண்டும்.

ஆனால் அந்த மாற்றத்தில் துயரம் மட்டும் இல்லை. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) மூன்றாம் வகுப்பு வரையே பள்ளி சென்றவர். அப்பெண்மணி தமிழில் எழுதிய ‘காதலா கடமையா’ என்ற நாவல் 1938இல் வெளிவந்தது. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையரே அதற்கு அணிந்துரை அளித்தார். யாருக்கு வாசிக்கக் கொடுப்பது என்று ஒரு தலைமுறை கவலைப்பட்டதோ, அந்தப் பெண்களிடமிருந்தே ஓர் எழுத்தாளர் தோன்றிவிட்டார்!

அந்த இளைஞருக்குக் கூறியது

இத்தனையும் கேட்ட பின்னர், “அப்படியானால் நாங்கள் நாளை என்ன செய்ய வேண்டும், மாமா?” என்று அவர் கேட்டார். அவரிடம் கூறியவற்றை உங்களிடமும் கூறுகிறேன். மகளிர் மன்ற மலரோ, பள்ளிவாசல் அறிக்கையோ, கைபேசியில் அனுப்பும் சிறு கட்டுரையோ, எதை எழுதுவோருக்கும் இது பயன்படும்.

முதலாவது, ஒரே ஒருவரைத் தேர்ந்து கொள்ளுங்கள். ‘மக்கள்’, ‘சமுதாயம்’, ‘இளைஞர்’ என்பவை பெயர்கள். அவற்றுக்கு முகம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கண்முன் நிறுத்துங்கள். அவருக்கு எத்தனை வயது? எது வரை படித்தவர்? என்ன தொழில்? எந்த நேரத்தில் அவருக்கு ஓய்வு? எதைப் பற்றி அவர் இரவில் கவலைப்படுகிறார்? இவற்றுக்கு விடை எழுதிய பிறகே முதல் கட்டுரையை எழுதுங்கள்.

இரண்டாவது, இதழ் சென்ற வீடுகளுக்கு நீங்களே செல்லுங்கள். இதழ் நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். நம் மக்கள் மரியாதைக்காக, நன்றாக இருக்கிறது என்றே கூறுவார்கள். இதழ் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். எந்தப் பக்கம் கசங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது என்று பாருங்கள். யார் யாருக்கு வாசித்துக் காட்டுகிறார்கள் என்று கேளுங்கள். பத்து வீடுகள் சென்று வந்தால், வாசகர் யார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவது, அறிந்ததற்கேற்ப இதழை மாற்றுங்கள். தார் சுற்றும் பெண்ணுக்குப் பகலில் கிடைப்பது கால் மணி நேர ஓய்வு என்றால், ஆறு பக்கக் கட்டுரையை மூன்று மாதங்களுக்குப் பகிர்ந்து கொடுங்கள். பெரியவர்களுக்கு எழுத்து தெரியவில்லை என்றால் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். பக்கம் போதவில்லை என்றால் கவிதைகளில் இரண்டைக் குறையுங்கள்! பிள்ளையின் கல்வி உதவித்தொகைக்கு எங்கே, எப்போது விண்ணப்பிப்பது என்ற கவலை அவ்வீட்டில் இருந்தால், அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்துக்காக இதழைத் திறப்பவர், உங்கள் ஆய்வுக் கட்டுரையையும் ஒரு நாள் படிப்பார்.

நான்காவது, அச்சுக்குப் போகும் முன் அந்த வாசகரையே ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் நின்றுவிடுகிறாரோ, அங்கே பிழை உங்களுடையது, அவருடையது அன்று.

ஐந்தாவது, எண்ணிக்கைக்கு அவசரப்படாதீர்கள். தமக்காகவே எழுதப்பட்டது என்று ஒருவர் உணர்ந்துவிட்டால், அவர் அதை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காமல் இருக்கமாட்டார். மாமியிடமிருந்து மருமகளுக்கும், அவரிடமிருந்து தாய்வீட்டுக்கும் அது செல்லும். ஆண்டுக்கு ஒரு முறை மீண்டும் அதே வீடுகளுக்குச் சென்று, வாசகர் மாறியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

இளைஞர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மெல்ல, “ஊரில் பெரிய எழுத்தாளர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்றுதான் இத்தனை நாள் எழுதினோம், மாமா” என்றார். அந்த ஒரு வரியில் அனைத்தும் அடங்கிவிட்டது. அவருடைய இதழுக்கு வாசகர் இருந்தனர். ஆனால் அவர்கள் அதை வாங்காத நான்கைந்து பெரிய மனிதர்கள்! அவர்களுடைய பாராட்டுக்காக எழுதிய எழுத்து, உம்மாவின் அலமாரியில் திறக்கப்படாமல் கிடந்தது.

நான் விடைபெறும்போது அவர் தம் தங்கைக்காக ஒரு சிவப்புப் பேனா வாங்கப் போவதாகக் கூறினார். அடுத்த இதழின் மெய்ப்பு முதலில் அப்பெண்ணின் கைக்குத்தான் செல்லுமாம். எந்த வரியை வேண்டுமானாலும் அடிக்கலாமாம். மூன்று மாதத்தில் என்ன நிகழும் என்று நான் அறியேன். ஆயினும், இம்முறை அவ்விதழுக்கு அவ்வீட்டிலேயே ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்பது மட்டும் உறுதி.

வாசகர்களே! பிறருக்கு அறிவுரை கூறிவிட்டு நான் ஒதுங்கிக் கொள்ளலாகாது. இந்தப் பக்கத்தை உங்கள் இல்லத்தில் யார் படிக்கிறார்கள்? எப்போது படிக்கிறார்கள்? எந்த இடத்தில் சலித்துப்போய்ப் பக்கத்தைத் திருப்பினார்கள்? ஓர் அஞ்சலட்டையில் இரண்டு வரி எழுதுங்கள். பாராட்டு வேண்டாம், பக்கத்தைத் திருப்பிய இடத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.